கூட வந்தவர்

அத்தியாயம் ஒன்பது

அந்தப் பெயர் ஒன்றும் அபூர்வமான பெயரில்லை. கடைத்தெருவில் நின்று உரக்கக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஊரறிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் தொலைக்காட்சியில் ஜனங்களைச் சிரிக்க வைப்பவர். ஒருவர் கால்பந்து நடுவர். ஒருவன் நெடுந்தூர ஓட்டக்காரன். குழப்பம் வேண்டாமென்று பத்திரிகைக்காரர்களே மூவருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்: சிரிப்பு, விசில், ஓட்டம்.

அப்படியும் குழப்பம் தீரவில்லை. தோற்ற அணியின் ரசிகர்கள் விசிலுக்கு எழுதிய வசவுக் கடிதங்கள் ஓட்டத்தின் வீட்டுக்கு வந்து விழும். ஒருமுறை சிரிப்புக்கு வந்த காதல் கடிதத்தை ஓட்டத்தின் அக்கா பிரித்துப் படித்துவிட்டு, இரண்டு நாள் தம்பியோடு பேசவில்லை.

விசில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஓட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் பஞ்சு. சிரிப்பின் முகத்துக்குப் பதினொரு வருடமாக ஒப்பனை போடுகிறவளும் அவள்தான். எப்போதும் கையில் ஒரு பஞ்சுத் துண்டோடு அலைவதால் ஸ்டூடியோவில் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சைக்கிள் பந்தயத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மேட்டில் ஏறும்போதே இதயம் நின்று விழுந்து இறந்தாள். அவளுக்கு ஊக்கமருந்து ஊசி போட்ட டாக்டர் தலைமறைவானார். அவருடைய நோட்டு சிக்கியது. வருகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘கூட வந்தவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. தெரிந்தவர் கூட்டி வந்தால்தான் அந்த டாக்டர் யாருக்கும் கதவு திறப்பார். சைக்கிள் பெண்ணின் வரியில், அந்தக் கட்டத்தில், அந்தப் பெயர். பட்டப்பெயர் இல்லாத வெறும் பெயர்.

பந்தயத்துக்குச் சில வாரம் முன்புதான் அந்தப் பெண் சிரிப்பின் நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்திருந்தாள். அவள் சைக்கிளின் பின்னால் அவர் தொந்தியோடு உட்கார்ந்து போன காட்சியை ஊரே பார்த்துச் சிரித்தது. இப்போது அதே காட்சியைப் போட்டுப் போட்டு ஊரே காறித் துப்பியது. ஓட்டத்தை யாரும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவர்களில் ‘மருந்து வேண்டாம், உழைப்பே போதும்’ என்று சிரித்துக்கொண்டு நிற்பவன் அவன்.

போன வாரம் அவனுடைய ஷூப் பையின் அடியில் மூன்று காலிக் கண்ணாடிக் குப்பிகளைப் பஞ்சு பார்த்துவிட்டாள். அவன் மறைக்கவில்லை. “முட்டி வலிக்குப் போட்டுக்கிட்டேன். ஆனா அந்தப் பொண்ணு சாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல” என்றான். அவள் நம்பினாள். நம்பினால் அன்றிரவு தூங்கலாம் என்பதால் நம்பினாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரிந்து கிடந்தது. நோட்டின் அந்தப் பக்கத்தையே படமெடுத்து முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இதுவரை பெயர் மட்டும்தான் வெளியே கசிந்திருந்தது. இன்று தேதியும் நேரமும் வந்துவிட்டன.

“போன மாசம் பதினேழாம் தேதி, காலை பத்தரை மணி” என்று நாத்தனார் வாசித்தாள். அவள் தபால் நிலையத்தில் கவுன்டர் வேலை பார்ப்பவள். எதை வாசித்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குச் சொல்வதுபோல் உரக்கத்தான் வாசிப்பாள். இன்று அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குரல் ஏறியிருந்தது. “அந்தச் சிரிப்பு இனிமே எப்படித் தப்பிக்கறான்னு பார்க்கலாம்.”

“அக்கா, பேப்பரை மடி. முட்டையில மை ஒட்டுது” என்றான் ஓட்டம். அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை, பெரிய பந்தயத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டம். முப்பத்துநாலு வயதில் இதை விட்டால் அவனுக்கு அடுத்தது கிடையாது. இரண்டு மாதமாக அந்த வீட்டில் அளந்துதான் சாப்பாடு, அளந்துதான் பேச்சு.

“பதினேழு என்ன கிழமை?” என்று கேட்டாள் பஞ்சு.

அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. அன்று தன் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது அவற்றுக்கே தெரியும். கிழவி வேஷம். சிரிப்பு கிழவியாக வந்த ஒரே ஒரு நாள்.

“புதன்” என்றாள் கடைசியில் அவளே.

முட்டையின் ஓடு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு நொடிதான். ஓடும்போது பின்னால் எத்தனை அடி தூரத்தில் ஆள் வருகிறான் என்று பார்ப்பானே, அந்தப் பார்வை.

*

ஸ்டூடியோவின் வாசலில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். யாரோ ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காவலாளி அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

ஒப்பனை அறையில் சிரிப்பு ஏற்கெனவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேச வேண்டும் என்று சேனல் முடிவு செய்திருந்தது.

“வா தங்கச்சி. இன்னிக்கு எந்த மூஞ்சி?”

“உங்க சொந்த மூஞ்சிதாண்ணே.”

“அதுதான் இப்ப யாருக்கும் பிடிக்கலையே.”

அவள் துண்டை அவர் கழுத்தில் சுற்றினாள். பெயர் வெளியே கசிந்த எட்டு நாளில் முகம் வற்றிப் போயிருந்தது. குண்டு மனிதர்கள் இளைத்தால் தோல் மட்டும் பின்தங்கிவிடும். கன்னத்தில் தொட்ட இடமெல்லாம் தொளதொளத்தது.

“மாப்பிள்ளை எப்படி இருக்கார்?” பத்து வருடமாக இதுதான் அவருடைய இரண்டாவது கேள்வி. பஞ்சு தங்கச்சியென்றால் ஓட்டம் மாப்பிள்ளை. “ஒரே பேரை வச்சுக்கிட்டு அவர் ஓடறார், நான் உருள்றேன்” என்று சேர்த்துச் சொல்வார். இன்று அதைச் சொல்லவில்லை.

“சனிக்கிழமை ஓட்டம் இருக்கு” என்றாள்.

கதவைத் தட்டாமல் தயாரிப்பாளர் உள்ளே வந்தார். “கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்கில்ல, அதை மறைக்காதம்மா. அப்படியே இருக்கட்டும். பார்க்கறவங்களுக்குக் கொஞ்சம் பாவமா இருக்கணும்.”

“பாவம் சரியா வரலேன்னா ரீடேக் உண்டா சார்?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார் சிரிப்பு. தயாரிப்பாளர் சிரிக்காமல் போய்விட்டார்.

பிறகு சிறிது நேரம் பஞ்சின் சத்தம் மட்டும்தான். அதற்குச் சத்தம் உண்டு. அமைதியான அறையில் கன்னத்தில் தட்டினால் கேட்கும்.

“நேத்து என் பொண்ணு கேட்டா” என்றார். “‘அப்பா, நீங்க இல்லதானே?’ன்னு. நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா பரவாயில்லை. அந்த ‘தானே’யை எங்க கொண்டுபோய் வைக்கறது, சொல்லு.”

அவருடைய இடது தாடையின் கீழே அவள் விரல் போனது. அங்கே கடுகளவு ஒரு தழும்பு. அதன் மேல் இரண்டாவது தடவை பூச வேண்டும், இல்லாவிட்டால் விளக்கில் தெரியும். பதினேழாம் தேதிக்குப் பிறகு தினமும் பூசுகிறாள். கிழவிச் சுருக்கத்துக்காக ரப்பர் பால் தடவியதில் அந்த இடம் கொப்பளித்துவிட்டது. எல்லாவற்றையும் உரித்து, கழுவி, ஆறவைத்து, மறுபடி முதலிலிருந்து தடவினாள். ஏழு மணிக்கு உட்கார்ந்த மனிதர் எழுந்தபோது பதினொன்றேகால்.

“பதினேழாம் தேதி காலையில நான் எங்கே இருந்தேன் தங்கச்சி?”

அவள் கையிலிருந்த பஞ்சு நின்றது.

“பேப்பரைப் பார்த்ததிலேர்ந்து மண்டையை உடைச்சுக்கறேன். ஷூட்டிங் கணக்கு ரெண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்குதாம். அதுக்கு முந்தி என்ன பண்ணேன்னு யாருக்கும் தெரியல. நானேதான் வண்டி ஓட்டிட்டு வந்தேன். பின் கேட்டு வழியா வந்தேன். ஒரு ஈ காக்கா பார்க்கலை.”

ஒப்பனை அறையில் அன்று அவர்கள் இரண்டு பேர்தான். உதவிக்கு வரும் பெண் லீவு. ஆனால் மேசையின் கீழ் இழுப்பறையில் தொடர்ச்சி நோட்டு இருக்கிறது. ஒரு வேஷத்தை நாளைக்கும் அதேபோல் போட வேண்டுமே என்பதற்காக ஒப்பனைக்காரர்கள் எழுதிவைப்பது. எந்தப் பூச்சு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் காய்ந்தது, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். பத்து இருபதுக்கு எடுத்த படத்தில் அவர் கன்னம் சிவந்து, ஒரு கண் மட்டும் கிழவிக்கண்ணாக, கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிறார். படத்தின் மூலையில் தேதியும் நேரமும் இருக்கின்றன.

அதை எடுத்துக் கொடுத்தால் இவர் வெளியே வந்துவிடுவார். இவர் வெளியே வந்தால் அந்தப் பெயருக்கு மிச்சம் ஒரே ஒருவன்.

“ஞாபகம் இல்லண்ணே” என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. “எத்தனை நாள், எத்தனை மூஞ்சி.”

“ஆமாம்” என்றார் அவர். “எத்தனை மூஞ்சி.”

*

பன்னிரண்டு மணிக்குப் பேசினார். எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாமல் வாசித்தார். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம். எனக்கும் அந்த டாக்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பஞ்சு கேமராக்களுக்குப் பின்னால், வியர்வை ஒற்றுவதற்காக நின்றிருந்தாள்.

“அதெல்லாம் இருக்கட்டும் சார். பதினேழாம் தேதி காலை பத்தரைக்கு எங்கே இருந்தீங்க?” என்று ஒரு நிருபர் எழுந்தார்.

சிரிப்பு தலையைத் தூக்கினார். கேள்வி கேட்டவரைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. விளக்குகளைத் தாண்டி, இருட்டில், அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் அது புரிந்திருக்காது. நடிகர் திணறுகிறார் என்றுதான் நாளைக்கு எழுதுவார்கள்.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். இருபது அடிதான்.

“எனக்கு ஞாபகம் இல்லை” என்றார்.

அதற்கப்புறம் நடந்தது வெறும் கூச்சல். ஒருவன் ஷூவைக் கழற்றினான். தயாரிப்பாளர் ஓடிவந்து விளக்கை அணைக்கச் சொன்னார். ஒரு மணிக்குள் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்துவிட்டது.

ஒப்பனை அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “துடைச்சு விடு.”

அவள் எண்ணெயில் பஞ்சை நனைத்து நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.

“ஞாபகம் இருக்கு தங்கச்சி” என்றார், கண்ணை மூடியபடியே. “நாலே கால் மணி நேரம் மூஞ்சியில ரப்பரைத் தடவிக்கிட்டு உட்கார்ந்தவன் எவனாவது மறப்பானா? கன்னம் எரிஞ்சு நான் கத்தினதுக்கு நீ அழுதியே, அது எனக்கு மறக்குமா?”

அவள் எண்ணெய்ப் பஞ்சைக் கீழே வைத்தாள்.

“அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“சொன்னா யார் சாட்சின்னு கேட்பாங்க. உன் பேரைச் சொல்லணும். உன் நோட்டைப் பிடுங்கிட்டு வரச் சொல்லுவாங்க. உன்கிட்டேர்ந்து எதையும் பிடுங்கி எனக்குப் பழக்கமில்ல. நீயா குடுப்பேன்னு நினைச்சேன். காலையில ஒரு தடவை கேட்டேன். இப்போ ஒரு தடவை பார்த்தேன்.” கண்ணைத் திறந்தார். “மாப்பிள்ளைதானா?”

“தெரியலண்ணே. சத்தியமா தெரியல.”

“சரி.” துண்டைத் தானே அவிழ்த்துக்கொண்டார். முகம் பாதிதான் துடைத்திருந்தது. “சனிக்கிழமை ஓட்டம்னு சொன்னே. அதுவரைக்கும் இந்த மூஞ்சி தாங்குதான்னு பார்க்கறேன்.”

அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்கு எதிராக ஏதாவது ஒரு நியாயம் சொல்லிக்கொள்ளலாம். அவர் பாதி முகத்தோடு பின் கேட்டுப் பக்கம் நடந்துபோவதைப் பார்த்தபோது, தன்னிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

*

மைதானத்தில் அவன் கடைசிச் சுற்றுகளில் இருந்தான். நாத்தனார் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஸ்டாப்வாட்சும் தண்ணீர் பாட்டிலுமாகக் கோட்டோரம் நின்றிருந்தாள். அப்பா அம்மா போன பிறகு பதினாறு வயதில் தம்பியைத் தூக்கிக்கொண்டவள் அவள். தனக்கென்று ஒரு கல்யாணம் பற்றிக்கூட யோசிக்காதவள். தம்பியின் ஒவ்வொரு பந்தய நேரமும் அவளுக்கு மனப்பாடம்.

அவன் ஓடி வந்து, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பஞ்சு அந்த மூச்சு அடங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

“பதினேழாம் தேதி அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனது நீங்களா?”

“இங்க வச்சா கேட்பே?” என்றாள் நாத்தனார். “சனிக்கிழமை ஓட்டத்தை வச்சுக்கிட்டு?”

“அக்கா, நான் அவரைக் கேட்டேன்.”

அவன் புல்லில் உட்கார்ந்தான். ஷூவின் முடிச்சை அவிழ்த்தான், மறுபடி போட்டான். “ஆறு மாசமா கேட்டுட்டே இருந்தா” என்றான். “இதே மைதானம். தினமும் வருவா. ‘நீங்க மட்டும் ஜெயிக்கலாமா சார்?’னு கேப்பா. மூணு தடவை முடியாதுன்னு சொன்னேன். நாலாவது தடவை கூட்டிட்டுப் போனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. ஊசின்னா பயம் அவளுக்கு. கண்ணை இறுக்கிக்கிட்டா. கையைப் பிடிச்சுக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “டீவியில சிரிப்பு சொல்வாரே, யானை லிஃப்ட்ல ஏறின கதை, அதைச் சொன்னேன். சிரிச்சா. சிரிக்கும்போதே டாக்டர் போட்டுட்டார்.”

அந்த யானைக் கதையைச் சிரிப்பு முதலில் சொல்லிப் பார்த்ததே பஞ்சிடம்தான், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

“அவ போய்ச் சேருவான்னு நான் கண்டேனா?” என்றான். “எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

“சிரிப்பு அன்னிக்கு என் நாற்காலியில இருந்தார். நேரத்தோட என் நோட்டுல இருக்கு.”

நாத்தனார் கைப்பையைப் பார்த்தாள். “நோட்டுதானே. தண்ணி கொட்டும். பஸ்ஸுல மறந்துபோகும். உலகத்துல எத்தனை நோட்டு தொலையுது.”

“அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்றே? செத்தவ திரும்பி வருவாளா? உன் புருஷனா, இல்ல எவனோ ஒரு கோமாளியா? அதை மட்டும் யோசி.”

“கோமாளிக்கும் ஒரு பொண்ணு இருக்கு அக்கா.”

“நாலு நாள்” என்றாள் நாத்தனார். குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. கெஞ்சினாள் என்றே சொல்லலாம். “சனிக்கிழமை மட்டும் தாண்டட்டும்டி. ஞாயிற்றுக்கிழமை இவனே போய்ச் சொல்லுவான். இல்லடா?”

அவன் தலையசைத்தான். எதற்குத் தலையசைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பிறகு, கண்ணில் விழுந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “டைம் என்னக்கா?” என்று கேட்டான்.

நாத்தனார் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். அவள் முகம், அவளையும் மீறி, மலர்ந்தது. “இந்த வருஷத்துலயே இதுதான்டா பெஸ்ட்.”

அவனும் மலர்ந்தான். ஒரு கணம்தான். இருவரும் உடனே அதை முகத்திலிருந்து அழித்துவிட்டார்கள். ஆனால் பஞ்சு பார்த்துவிட்டாள். முகங்களைப் பார்ப்பதுதானே அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரவே வராது என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. தேர்வு முடிந்தால் பெரிய பந்தயம் வரும். அதற்கும் நாலு நாள் கேட்பார்கள்.

அவள் திரும்பி நடந்தாள். “எங்கே போறே? ஏய், உன்னைத்தான்!” என்று பின்னால் அவன் கூப்பிட்டான். எழுந்து வரவில்லை. அவ்வளவு தூரம் ஓடுகிற கால்கள்.

*

போலீஸ் நிலையத்தில் விசாரணை அதிகாரியின் அறை சிறியது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுற்றாத மின்விசிறி. அவர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாக்கைத் துருத்திய படத்தில் நின்று, வெகுநேரம் பார்த்தார்.

“இதை ஏம்மா இத்தனை நாளா கொண்டுவரலை?”

“தேதி இன்னிக்குத்தான் தெரிஞ்சது சார்.”

அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் அன்றே சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. “காலையிலயே தெரியும். மத்தியானம் வரைக்கும் சொல்லாம இருந்தேன்” என்றாள்.

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பெயர் கேட்டார், எழுதினார். வயது, தொழில், முகவரி.

“கணவர் பேர்?”

அவள் சொன்னாள்.

பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ஓட்டமா?”

“ஆமாம் சார்.”

“அவர்தான் கூட்டிட்டுப் போனாரா? உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவரே சொன்னார். ஒரு மணி நேரம்கூட ஆகலை.”

அவர் எழுந்து நின்றார். “இதை எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாதும்மா. உட்காருங்க. மேலதிகாரிக்குச் சொல்லிட்டு வர்றேன். அதுக்குள்ள யோசிச்சுக்குங்க.” பேனாவையும் படிவத்தையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பஞ்சு யோசிக்கவில்லை. யோசித்தால் அவன் தூங்கும் முகம் நினைவுக்கு வரும், அப்புறம் எழுந்து போய்விடுவாள். பேனாவை எடுத்து, ‘கணவர் பெயர்’ என்று காலியாக இருந்த கட்டத்தில் தானே அந்தப் பெயரை எழுதினாள். பக்கத்தில் ‘ஓட்டக்காரர்’ என்றும் சேர்த்தாள், வேறு யாரையும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. பத்து வருடமாக அவனுக்கு வந்த கடிதங்களில், கோப்பைகளில், சுவரொட்டிகளில் பார்த்த பெயர். தன் கையெழுத்தில் பார்த்தபோது யாரோ மாதிரி இருந்தது.

வெளியே வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. உரத்த குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குச் சொல்கிற குரல்.

“எழுதிக்குங்க சார். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனது நான்தான். டாக்டர் ‘யாரோட ஆள்?’னு கேட்டப்ப என் தம்பி பேரைக் குடுத்துட்டேன், அவ்வளவுதான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. பதினேழாம் தேதி ஆபீசுக்கு லீவு போட்டிருக்கேன், வேணும்னா போய்ப் பாருங்க. என் தம்பி பொண்டாட்டி உள்ள வேற ஏதாவது உளறியிருப்பா. அவளுக்கு மனசு சரியில்லை.”

பதினேழாம் தேதி நாத்தனார் லீவு போட்டது உண்மை. அன்று பல் வலி என்று வீட்டில் படுத்திருந்தாள். காலையில் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஞ்சு வேலைக்குக் கிளம்பினாள். அதை எந்த நோட்டிலும் எழுதிவைக்கவில்லை.

அதிகாரி கதவைத் திறந்து உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் நாத்தனார். அவள் பஞ்சின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மேசைக்கு வந்து, படிவத்தில் மை காயாத அந்தப் பெயரைப் படித்தாள்.

“உங்கள்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க” என்றார் அதிகாரி. “யாரு?”